பழுப்புப் பலகை காட்டும் சாலைகள்: நோர்வேக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

நோர்வேக்கு வந்த முதல் ஆண்டில் நமக்குத் தெரிந்த நாடு மிகச் சிறியது. வீடு, மொழி வகுப்பு, வேலையிடம், தமிழ்க்கடை, அவ்வளவுதான். வரி அட்டையும் வங்கிக் கணக்கும் கையில் கிடைத்ததும் குடியமர்ந்துவிட்டோம் என்று எண்ணிவிடுகிறோம். அதனால் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுண்டு: முதல் கோடையிலேயே ஒரு தேசியச் சுற்றுலாச் சாலையில் போய் வந்துவிடுங்கள்.

தெற்கே யேரன் கடற்கரையிலிருந்து வடகிழக்கே வராங்கர் வரை இத்தகைய சாலைகள் 18 இருக்கின்றன. நாட்டின் சாலைத் துறை இவற்றைத் தேர்ந்தெடுத்துப் பராமரிக்கிறது. பழுப்பு நிறப் பலகை வழிகாட்டும். வழியெங்கும் கட்டடக் கலைஞர்கள் வடிவமைத்த பார்வை மேடைகளும் இளைப்பாறும் இடங்களும் உண்டு. சாலையைப் பார்ப்பதற்கென்று தனிக் கட்டணம் எதுவும் இல்லை. வழக்கமான சுங்கமும் படகுக் கட்டணமும்தான் செலவு.

முதலில் வண்டி ஓட்டும் அனுமதிப்பத்திரத்தைக் கவனியுங்கள். இலங்கை, இந்திய அனுமதிப்பத்திரத்தை வைத்துக்கொண்டு இங்கே குடியேறிய பின் மூன்று மாதங்கள்தான் ஓட்டலாம். அதற்குப் பிறகு நோர்வே அனுமதிப்பத்திரம் தேவை. அது கிடைக்கும்வரை ஓட்டத் தெரிந்த உறவினரோடு போங்கள். இங்கே வண்டி ஓடுவது சாலையின் வலப்பக்கம். பட்டப்பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். மலைச்சாலைகளில் பல இடங்களில் ஒரு வண்டிக்கே இடமிருக்கும். நீலப் பலகையில் வெள்ளை 'எம்' எழுத்தைக் கண்டால் அது ஒதுங்கி வழிவிடும் இடம். ஒதுங்குமிடம் உங்கள் பக்கம் இருந்தால் அதற்குள் நுழைந்து நில்லுங்கள். எதிர்ப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே நின்று, எதிரே வருபவர் ஒதுங்கிப் போக விடுங்கள். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரைக் குறைத்து இறங்க வேண்டும்.

முதல் பயணத்துக்கு நான் சொல்வது அவுர்லான்ட்ஸ்பியெல்லே. அவுர்லான்டிலிருந்து லேர்டால் வரை 47 கிலோமீட்டர் நீளும் மலைச்சாலை. இதே இரண்டு ஊர்களுக்கும் இடையே 24.5 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை 2000ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. அவசரமாகப் போகிறவர்கள் அதில் போய்விடுகிறார்கள். நீங்கள் மேலே ஏறுங்கள். ஏறத் தொடங்கிய சற்று நேரத்தில் ஸ்டேகஸ்டைன் மேடை வரும். அது மலைவிளிம்பிலிருந்து 30 மீட்டர் வெளியே நீண்டு நிற்கிறது. கீழே 650 மீட்டர் ஆழத்தில் பியோர்டு, அதாவது மலைகளுக்கிடையே உள்நுழைந்த கடல், அசைவின்றிக் கிடக்கும். உச்சிக்குப் போனால் ஜூன் மாதத்திலும் சாலையின் இருபுறமும் பனிச்சுவர். குளிர்காலத்தில் உச்சிப் பகுதியை மூடிவிடுவார்கள். சோக்னேபியெல்லே, துரோல்ஸ்டீகன் சாலைகளும் அப்படித்தான். புறப்படுவதற்கு முன் சாலைத் துறையின் 175 என்ற தொலைபேசி எண்ணை அழைத்துச் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் என் மனத்துக்கு மிக நெருக்கமானது வராங்கர். 1980களில் இலங்கையிலிருந்து வந்த நம்மவர் பலர், வராங்கர் அடங்கிய வடகோடி மாவட்டமான பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் வேலை செய்தார்கள். பகலே இல்லாத மாதங்களில், உறையும் குளிரில், நின்றபடியே மீன் வெட்டிப் பொதி செய்தார்கள். பின்னர் பலர் ஒஸ்லோவுக்கும் பேர்கனுக்கும் இறங்கிவிட்டார்கள். இன்று இங்கே நமக்கென்று சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும் இருக்கின்றன என்றால் அதற்கு அந்த உழைப்பும் ஒரு காரணம். அவர்கள் வாழ்ந்த கரையைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இந்தச் சாலை வராங்கர்பொட்னில் தொடங்கிக் கடலோரமாக 160 கிலோமீட்டர் ஓடி ஹாம்னிங்பெர்க்கில் முடிகிறது. இடையில் வருகிற வர்டோ ஒரு தீவு நகரம். கடலுக்கடியில் 1982இல் திறந்த சுரங்கம் வழியாகத்தான் அங்கே போக வேண்டும். நோர்வேயில் கடலடியில் அமைந்த முதல் வாகனச் சுரங்கம் அது. 17ஆம் நூற்றாண்டில் சூனியக் குற்றம் சாட்டப்பட்டுக் கொல்லப்பட்ட 91 பேருக்கான நினைவிடம் அங்கே இருக்கிறது. நீண்ட மண்டபத்துக்குள், ஒவ்வொருவருக்கும் ஒரு சன்னல், ஒரு விளக்கு. பேசாமல் நடந்து போங்கள்.

கூடாரம் போட விரும்பினால் திறந்தவெளிச் சட்டம் எல்லோருக்கும் அந்த உரிமையைத் தருகிறது. ஆள் இருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலோ காட்டருகிலோ தீ மூட்டக் கூடாது. ஆகவே புட்டும் சம்பலும் வீட்டிலேயே கட்டி எடுத்துக்கொள்ளுங்கள், தேநீரைப் பிளாஸ்க்கில் ஊற்றிக்கொள்ளுங்கள். பின்மார்க்கில் கலைமான்கள் திடீரென்று சாலைக்கு வந்துவிடும். ஒன்று கடந்தால் உடனே வேகமெடுக்காதீர்கள், பின்னால் கூட்டம் வரும்.

வர்டோவைத் தாண்டியதும் கூரிய பாறைகளுக்கு நடுவே ஒடுங்கிய சாலைதான். ஹாம்னிங்பெர்க்கில் பெட்ரோல் நிலையம் கிடையாது. வர்டோவிலேயே நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள்.