லொகேஷன் தப்பாகக் காட்டுகிறதா? ஹீட் கன்னைக் கீழே வையுங்கள்

எங்கள் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை கற்றுக்கொள்ளும் பையன் போன வாரம், "அண்ணே, மேப்ல இடம் தப்பா காட்டுதாம், ஆன்டெனா போயிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே ஒரு போனின் பின்பக்கக் கண்ணாடியைக் கழற்ற ஹீட் கன்னால் சூடாக்கிக்கொண்டிருந்தான். வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. கத்தியிருப்பேன், ஆனால் 8 வருடத்துக்கு முன்னால் நானும் அதே மாதிரி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து அதையேதான் செய்தேன் என்பதால், வாயை மூடிக்கொண்டு ஹீட் கன் ஸ்விட்சை மட்டும் அணைத்தேன்.

லொகேஷன் ஆனில் இருக்கிறதா, ஆப்புக்கு பர்மிஷன் இருக்கிறதா, ரீஸ்டார்ட் செய்தாயிற்றா என்பதையெல்லாம் கஸ்டமரே பார்த்துவிட்டுத்தான் வருகிறார். அதை விட்டுவிடுகிறேன். அதற்கு மேல் நாம் தவறவிடுவதை மட்டும் சொல்கிறேன்.

கடைக்குள்ளேயே உட்கார்ந்து டெஸ்ட் செய்வது

ஜிபிஎஸ் சாட்டிலைட்டுகள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் சிக்னல் கீழே வரும்போதே நூலாகத்தான் இருக்கும், அதற்கு மேல் கான்கிரீட் தளமும் குறுக்கே நின்றால் என்ன மிஞ்சும்? நம் கடையோ மூன்று மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளம். டேபிளில் வைத்துக்கொண்டு "சாட்டிலைட்டே பிடிக்கல" என்று சொல்லக்கூடாது. ரோட்டுக்கு வந்து, வானம் தெரியும் இடத்தில் நின்று, ஜிபிஎஸ் டெஸ்ட் ஆப் ஒன்றைத் திறந்து இரண்டு நிமிடம் பாருங்கள். இடத்தைக் கணக்குப் போடக் குறைந்தது 4 சாட்டிலைட் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே சிக்னல் அளவு ஒரு எண்ணாக வரும். நல்ல போனில் நாலைந்தாவது 35-க்கு மேல் நிற்கும். எல்லாமே 20-ஐ ஒட்டித் தவழ்ந்தால் அப்போது ஆன்டெனாவைச் சந்தேகப்படலாம். நெட் இல்லாத போன் என்றால் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும். சாட்டிலைட் எங்கே இருக்கிறது என்ற விவரத்தை அது சாட்டிலைட்டிடமிருந்தே வாங்க வேண்டும், அது நொடிக்கு 50 பிட் வேகத்தில்தான் வருகிறது.

நீலப் புள்ளி என்றாலே ஜிபிஎஸ் என்று நினைப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருவது இதுதான்.

கோயம்புத்தூரிலிருந்து திருச்சிக்கு வீடு மாறி வந்த ஒரு தையல்கார அக்கா. வயலூர் ரோட்டுப் பக்கம் ஒரு புது லேஅவுட்டில் வீடு, சுற்றிலும் இன்னும் காலி மனைகள். "தம்பி, வீட்டுல உக்காந்து ஆட்டோ புக் பண்ணினா காந்திபுரத்துல வண்டி தேடுது" என்றார். காந்திபுரம் கோவையில் இருக்கிறது. கடையில் வாங்கிப் பார்த்தால் திருச்சியைச் சரியாகக் காட்டுகிறது. வீட்டுக்குப் போனதும் கெட்டு, கடைக்கு வந்ததும் சரியாகிற ஆன்டெனா உலகத்தில் உண்டா? அங்கேயே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. லூஸ் காண்டாக்ட் என்று முடிவுகட்டி, போனைத் திறந்து, ஆன்டெனா ஃபிளெக்ஸை (ஆன்டெனாவை இணைக்கும் மெல்லிய பட்டையை) மாற்றி 900 ரூபாய் வாங்கினேன். இரண்டாம் நாள் திரும்ப வந்தார். அப்படியானால் சாஃப்ட்வேர்தான் என்று ஃபேக்டரி ரீசெட் போட்டேன்.

"போட்டோ எல்லாம் பேக்கப் இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் போட்டேன். போட்டோ இருந்தது. ஆனால் கோவை கஸ்டமர்களின் ரவிக்கை அளவு அத்தனையையும், தோள், கை நீளம், கழுத்து இறக்கம் என்று பெயர் பெயராக, போனோடு வந்த நோட்ஸ் ஆப்பில் எழுதி வைத்திருந்தார். அது எங்கேயும் பேக்கப் ஆகவில்லை. துணி கூரியரில் வரும், அளவு போனில் இருக்கும், தைத்துத் திருப்பி அனுப்புவார்; அவர் பிழைப்பே அதுதான். வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்க அவர் வீட்டுக்கே போனேன். உள்ளே நுழைந்ததும் என் போனை எடுத்துப் பார்த்தேன். என் போனும் காந்திபுரம் என்றது!

அலமாரி மேல் ஒரு வைஃபை ரவுட்டர். கோவையில் வாங்கியது, சட்டி பானையோடு லாரியில் ஏறி வந்தது.

கட்டடத்துக்குள் சாட்டிலைட் சரியாகக் கிடைக்காதபோது போன், சுற்றிலும் எந்தெந்த ரவுட்டர் தெரிகிறது என்று பார்த்து இடத்தை ஊகிக்கிறது. ஒவ்வொரு ரவுட்டருக்கும் மேக் அட்ரஸ் என்று ஒரு தனி அடையாள எண் உண்டு. எந்த அட்ரஸ் எந்த இடத்தில் இருக்கிறது என்ற பெரிய பட்டியல் கூகுளிடமும் ஆப்பிளிடமும் இருக்கிறது. அந்தப் பட்டியலில் அக்காவின் ரவுட்டர் இன்னும் காந்திபுரத்தில்தான் இருந்தது. பக்கத்தில் பத்து வீடு இருந்தால் அந்த ரவுட்டர்கள் எல்லாம் திருச்சி என்று சொல்லி இதன் பேச்சை எடுபடாமல் செய்திருக்கும். காலி மனைகளுக்கு நடுவில் இது ஒன்றுதான் சாட்சி. வைஃபைக்கு வேறு பெயர் வைத்தால் மட்டும் பயனில்லை, மேக் அட்ரஸ் மாறாது.

கண்டுபிடிக்க ஒரு ரூபாய் செலவில்லை. ரவுட்டர் ஸ்விட்சை அணைத்துவிட்டு மேப்பைப் பாருங்கள். போனில் வைஃபையை மட்டும் ஆஃப் செய்து பார்ப்பது போதாது, பின்னணியில் வைஃபை ஸ்கேனிங் தனியாக ஓடிக்கொண்டிருக்கும், அதுவும் லொகேஷன் செட்டிங்கில்தான் ஒளிந்திருக்கிறது. ரவுட்டர்தான் காரணம் என்று தெரிந்தால், ஆண்ட்ராய்டில், வைஃபையை வைத்து இடம் ஊகிக்கும் கூகுள் லொகேஷன் அக்யூரசி செட்டிங்கைக் கொஞ்ச நாள் அணைத்து வைக்கலாம். ஆனால் அப்போது வீட்டுக்குள் இடம் கிடைக்கவே நேரமாகும் என்பதைக் கஸ்டமரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மற்றபடி ரவுட்டர் பக்கமாக சாட்டிலைட் பிடித்த போன்கள் வந்துபோக வந்துபோகப் பட்டியல் தானாகத் திருந்தும், சில நாளும் ஆகலாம் சில வாரமும் ஆகலாம். அவசரம் என்றால் வைஃபை பெயரின் கடைசியில் ஆங்கிலத்தில் அண்டர்ஸ்கோர் போட்டு நோமேப் (_nomap) என்று சேர்க்கலாம். அந்த ரவுட்டரைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்வதற்கான வழி அது. அதற்கும் உடனே பலன் தெரியாது.

எங்கே தப்பாகக் காட்டுகிறது, எந்த நேரத்தில், சமீபத்தில் வீடு மாறினீர்களா? இந்த மூன்று கேள்வியையும் இப்போது டேபிளில் ஒட்டி வைத்திருக்கிறேன். பையன் அதன் மேலேயே ஹீட் கன்னை வைத்திருந்தான்.

மிச்சமான ஸ்க்ரூவை டப்பாவில் போடுவது

டிஸ்ப்ளே மாற்றிய பிறகு ஜிபிஎஸ் மந்தமானால் தப்பு நம்முடையது. பல போன்களில் ஆன்டெனா ஃபிரேமிலேயே இருக்கிறது, போர்டிலிருக்கும் குட்டி ஸ்பிரிங் அதைத் தொட வேண்டும். ஸ்பிரிங் மடங்கினாலும், கிரவுண்டுக்கான ஸ்க்ரூ ஒன்று விட்டுப்போனாலும் சிக்னல் இறங்கிவிடும்.

காந்தக் கவரோடு காம்பஸைத் திட்டுவது

கவரைக் கழற்றுங்கள். அப்புறம் போனைக் கையில் பிடித்துக் காற்றில் எட்டு போடுங்கள்.

ஒரு ஆப்பில் மட்டும் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் காட்டுவது

ஆண்ட்ராய்டு 12-லிருந்தும் ஐஓஎஸ் 14-லிருந்தும் ஒவ்வொரு ஆப்புக்கும் துல்லியமான இடமா, தோராயமான இடமா என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். தோராயம் என்று எப்போதோ கை பட்டிருக்கும்.

போலி லொகேஷன் ஆப்

செட்டிங்கில் உள்ள டெவலப்பர் ஆப்ஷனில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அட்டெண்டன்ஸ் ஆப்பை ஏமாற்ற அவரே போட்டு வைத்திருப்பார், எல்லோர் முன்னாலும் கேட்டு மானத்தை வாங்காதீர்கள்.

ஐபோன்காரரின் ஐபேட்

ஒருவர் நாள் முழுக்க ஊர் சுற்றுகிறார், வீட்டம்மாவின் போனிலோ அவர் வீட்டிலேயே இருப்பதாகக் காட்டுகிறது. போனில் ஒரு கோளாறும் இல்லை, லொகேஷனை ஷேர் செய்துகொண்டிருந்தது பீரோவில் கிடந்த ஐபேட். ஃபைண்ட் மை ஆப்பில் இந்த ஐபோனிலிருந்து என்று மாற்றிக் கொடுத்தேன். மாற்றச் சொல்லி வந்தது வீட்டம்மாதான், வீட்டுக்காரர் பக்கத்தில் பேசாமல் நின்றார்.