ஜப்பானியப் பெண்கள் மல்யுத்தத்தின் பெரிய நிகழ்ச்சியை முதன்முறையாகப் பார்ப்பது எப்படி?

ஜப்பானில் பெண்களின் தொழில்முறை மல்யுத்தத்தை ‘ஜோஷி புரோரெஸ்’ என்பார்கள். இன்று அதில் முன்னணியில் நிற்கும் நிறுவனம் ஸ்டார்டம். அந்நிறுவனம் 2023 முதல் ஏப்ரல் மாதத்தில் யோகோஹாமா நகரில் நடத்திவரும் ‘ஆல் ஸ்டார் கிராண்ட் குவீண்டம்’ அதன் மிகப் பெரிய மேடைகளுள் ஒன்று. புதிதாக வருபவர்கள் முதல் போட்டியில் தொடங்கி வரிசையாகப் பார்க்கிறார்கள். அறிமுகமில்லாத முகங்களும் பெயர்களும் அடுக்கடுக்காக வர, இரண்டு மணி நேரத்தில் களைத்துப்போய் நிறுத்திவிடுகிறார்கள். அப்படி நிறுத்தியவர்கள் பலர் அதன் சிறந்த பகுதியைப் பார்த்ததே இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. ஆகவே 2025 ஏப்ரல் 27 அன்று யோகோஹாமா அரீனா அரங்கில் நடந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, நான் பரிந்துரைக்கும் முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: பட்டியலைக் கீழிருந்து படியுங்கள்

போட்டிப் பட்டியலில் கடைசியாக இருப்பதே முதன்மைப் போட்டி. முதலில் அதை மட்டும் தேர்ந்தெடுங்கள். 2025இல் அது சாயா காமிதானிக்கும் டாம் நாகானோவுக்கும் இடையே நடந்தது. தோற்பவர் மல்யுத்தத்தைவிட்டே விலக வேண்டும் என்பது நிபந்தனை. முடிவையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: காமிதானி வென்றார், நாகானோ விடைபெற்றார். கதை தெரிந்தே இரவெல்லாம் கூத்துப் பார்த்த வழக்கம் நமக்கு உண்டு என்பதால், முடிவு தெரிந்துவிட்டதே என்று கவலைப்பட வேண்டியதில்லை.

படி 2: தேதிகளைப் பின்தொடருங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். ஒரு தாளை எடுத்துக்கொண்டு, இருவரும் எங்கே, எப்போது சந்தித்தார்கள் என்று எழுதுங்கள்.

நாகானோ முன்பு ஐடல் பாடகியாக (ஜப்பானிய பாப் இசை நட்சத்திரமாக) இருந்து 2016இல் மல்யுத்தத்துக்கு வந்தவர். காமிதானி நடனம் பயின்றவர். 2019 ஆகஸ்டில் ஸ்டார்டமில் அறிமுகமானார். 2021 டிசம்பர் 29 அன்று, சுமோவுக்குப் பெயர்போன ரியோகோகு கொகுகிகான் அரங்கில், நாகானோவிடமிருந்து ‘வெள்ளை பெல்ட்’ என்ற பட்டத்தைக் காமிதானி கைப்பற்றினார் (பெல்ட்டுகளைப் பற்றிப் படி 3இல் சொல்கிறேன்). 2024 ஜூலையில் தன் தோழிகளுக்குத் துரோகம் செய்து ‘ஹேட்’ என்ற எதிர்நாயகியர் அணியில் சேர்ந்தார். அதே ஆண்டு டிசம்பர் 29 அன்று, அதே ரியோகோகுவில், அதே நாகானோவிடமிருந்து இம்முறை ‘சிவப்பு பெல்ட்’டையும் பறித்தார். மூன்று ஆண்டுகள் இடைவெளியில் தேதியும் அரங்கும் ஆட்களும் மாறவில்லை. மாறியது காமிதானியின் முகம் மட்டுமே.

அடுத்தது 2025 மார்ச் 3, தோக்கியோவின் கொராகுவென் ஹால். தோற்பவர் ஸ்டார்டமை விட்டு வெளியேற வேண்டும் என்ற போட்டியில் நாகானோ தோற்றார். ஜப்பானில் மார்ச் 3 என்பது பெண் குழந்தைகளுக்கான பொம்மைத் திருவிழா நாள். 2021இல் அதே நாளில்தான் நிப்பான் புடோகான் அரங்கில், தோற்பவர் தலையை மழித்துக்கொள்ள வேண்டும் என்ற போட்டியில் சக வீராங்கனை ஜூலியாவை வென்று நாகானோ தன் பெயரை நிலைநாட்டியிருந்தார். உச்சத்தைத் தொட்ட அதே தேதியில் வீழ்ந்தவர், மீண்டும் ஒரு வாய்ப்புக்காகத் தன் மல்யுத்த வாழ்வையே பணயம் வைத்தார் என்பதை அறிந்துகொண்டு பார்க்கும்போது, யோகோஹாமாவில் அவர் நடந்துவரும் அந்தச் சில நொடிகளே உங்களைப் பிடித்து நிறுத்தும்.

படி 3: இரண்டு பெல்ட்டுகள் போதும்

சிவப்பு பெல்ட் என்பது ‘வேர்ல்ட் ஆஃப் ஸ்டார்டம்’, நிறுவனத்தின் உச்சப் பட்டம். வெள்ளை பெல்ட் ‘வொண்டர் ஆஃப் ஸ்டார்டம்’. முன்னதை வலிமையோடும் பின்னதை மன உணர்ச்சியோடும் சேர்த்துப் பேசுவது ரசிகர்களின் வழக்கம். இணை அணிப் பட்டங்களையும் மூவர் அணிப் பட்டங்களையும் பிறகு தெரிந்துகொள்ளலாம்.

படி 4: விதிகள்

எதிராளியின் இரு தோள்களும் தரையில் படிந்திருக்க, நடுவர் மூன்று எண்ணினால் வெற்றி. பூட்டுப் பிடியில் சிக்கியவர் கயிற்றைத் தொட்டால் பிடியை விட்டாக வேண்டும். அமெரிக்காவின் டபிள்யூ.டபிள்யூ.ஈ. பார்த்துப் பழகியவர்கள் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்: ரிங்குக்கு வெளியே இருப்பவருக்கு அங்கே 10 வரை எண்ணுவார்கள், ஜப்பானில் பெரும்பாலும் 20 வரை எண்ணுவார்கள். அதனால் வெளியே நடக்கும் சண்டை நீளும். விழுந்தவர் தட்டுத்தடுமாறி உள்ளே திரும்பும் காட்சிக்கும் நேரம் கிடைக்கும்.

முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. விழும் உடல் உண்மையானது, ஒருவர் விடைபெற்றுச் செல்வதும் உண்மையானது.

படி 5: கண்ணும் காதும்

வீராங்கனைகளின் பெயரை அறிவிக்கும்போது ரசிகர்கள் வண்ணக் காகித நாடாக்களை ரிங்குக்குள் வீசுவார்கள். ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு சுருளை எறிவதால், அது காற்றில் விரிந்துகொண்டே போய் வீராங்கனையின் தோளில் விழும். உடனே இளம் வீராங்கனைகள் ஓடிவந்து நொடிகளில் அவற்றை வாரிச் சுருட்டிக்கொண்டு போவார்கள். அவர்களையும் கவனியுங்கள். பின்னாளில் பெல்ட் ஏந்தப்போகிறவர்கள் அவர்களிடையே இருக்கலாம்.

காமிதானியின் பெயர் பெற்ற உத்தியான ‘ஃபீனிக்ஸ் ஸ்பிளாஷ்’ஷை ஒருமுறை மெதுவான ஓட்டத்தில் பாருங்கள். மூலைக் கம்பத்தின் உச்சியில், ரிங்குக்கு முதுகு காட்டி நிற்பார். குதித்த கணத்தில் உடலைத் திருப்பி, காற்றிலேயே ஒன்றேகால் சுற்று உருண்டு, கீழே படுத்திருப்பவர்மீது வயிறு பட விழுவார். விழும் இடத்தை அவர் கண்ணால் பார்ப்பது கடைசி நொடியில்தான். உத்திகளின் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, இப்படி ஒன்றை முழுமையாகப் புரிந்துகொள்வது அதிகம் உதவும்.

ஆங்கில வர்ணனை கிடைத்தாலும் முதல்முறை ஜப்பானிய வர்ணனையோடு பாருங்கள். சொற்கள் புரியாவிட்டாலும் குரல் ஏறுவதும் உடைவதும் புரியும்.

படி 6: நேரமும் நேரலையும்

ஸ்டார்டமுக்குச் சொந்தமான கட்டண இணையச் சேவை ‘ஸ்டார்டம் வேர்ல்ட்’. ஜப்பான் நேரம் இந்திய, இலங்கை நேரத்தைவிட மூன்றரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே மாலை 4 மணி என்றால் நமக்குப் பகல் 12.30. போட்டி முடிந்த உடனே அணைத்துவிடாதீர்கள். வென்றவர் மைக்கைப் பிடித்துப் பேசுவதும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியே. அடுத்த கதை பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும்.

படி 7: அதே அரங்கில் பின்னோக்கிச் செல்லுங்கள்

இப்போது 2023 ஏப்ரல் 23 நிகழ்ச்சிக்குச் செல்லுங்கள். ஜூலியாவிடமிருந்து நாகானோ சிவப்பு பெல்ட்டை வென்றது அன்றுதான். ஸ்டார்டமின் முதல் நிகழ்ச்சியிலேயே களமிறங்கிய மாயு இவாதானி அமெரிக்காவின் மெர்சிடிஸ் மோனேயை வீழ்த்தியதும் அன்றுதான். அதையும் முடித்தபின், 1993 ஏப்ரல் 2 அன்று இதே யோகோஹாமா அரீனாவில், அப்போதைய பெரும் நிறுவனமான ஆல் ஜப்பான் விமன்ஸ் நடத்திய ‘டிரீம் ஸ்லாம்’ நிகழ்ச்சியைத் தேடுங்கள். அதில் அகிரா ஹொகுதோ, உலக ஜூடோ போட்டியில் வெண்கலம் வென்ற ஷினோபு கந்தோரியை எதிர்கொள்கிறார். அரை மணி நேரத்துக்கும் மேல் நீண்ட அந்தப் போட்டியில், தொடக்கத்தில் விழும் ஒரு குத்தையும் ஹொகுதோவின் தோளையும் மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.