மேப்புல இருக்குதுங்க, இங்க இல்லீங்க: சொத்து மென்பொருள் வரைபடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூர் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் புதிதாகச் சொத்து மேலாண்மை மென்பொருள் போட்டிருந்தார்கள். நாலு யூனிட், ஊருக்கு வெளியே இரண்டு குடோன், உடுமலைப்பேட்டை பக்கம் காற்றாலை. முதலாளி அறையில் பெரிய திரை, அதில் வரைபடம், வரைபடம் முழுக்கப் பச்சைப் புள்ளிகள். ஒரு புள்ளியைத் தொட்டால் மெஷினின் பெயர், வாங்கிய தேதி, கடைசி சர்வீஸ் எல்லாம் வந்து நிற்கும். நான் ஒரு ஜெனரேட்டரைக் காட்டி, "இதைப் போய்ப் பார்க்கலாமா?" என்று கேட்டேன். கூட இருந்த ஃபிட்டர் தலையைச் சொறிந்தார். "அது மேப்புல இருக்குதுங்க சார், இங்க இல்லீங்க. போன ஆடிக்கு முன்னாடியே பல்லடத்துக்கு ஏத்தி உட்டாச்சுங்க."

பழைய நோட்டில் இப்படித் தப்பு இருந்தால் யாரும் பெரிதாக நம்பியிருக்க மாட்டார்கள். வரைபடத்தில் வந்துவிட்டால் நம்பிவிடுகிறோம். அதனால் எந்தப் புள்ளியைப் பார்த்தாலும் ஒரு கேள்வி கேட்டுப் பழகுங்கள்: இதை யார், எங்கே நின்று, எப்போது வைத்தார்கள்? நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்வியிலேயே வெளியே வந்துவிடும்.

முதலில் எல்லோரும் செய்வது, ரெஜிஸ்டரில் இருக்கும் முகவரிகளை எக்செல்லில் ஏற்றி, "நீயே இடத்தைக் கண்டுபிடி" என்று மென்பொருளிடம் விட்டுவிடுவது. கதவு எண் வரிசையாக இருக்கும் நகரங்களில் இது ஓடும். நம் பக்கம் புதுப்பாளையம் என்ற பெயரில் எத்தனை ஊர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முகவரியே "சர்வே எண் 142/2பி, மெயின் ரோடு அருகில்" என்றுதான் இருக்கும். மென்பொருளுக்கு அது புரியாது. பின்கோடு எல்லையின் நடுவே ஒரு புள்ளியைக் குத்திவிட்டுப் போய்விடும். பதினைந்து மெஷின்கள் யாரோ ஒருவருடைய தென்னந்தோப்பில் ஒன்றின் மேல் ஒன்றாக நிற்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. திருப்பூர் தனி மாவட்டமானது 2009இல். அதற்கு முன் வாங்கிய சாமான்களின் பில்லில் பல்லடம், உடுமலை என்றால் கோவை மாவட்டம் என்றும், தாராபுரம், காங்கேயம் என்றால் ஈரோடு மாவட்டம் என்றும் இருக்கும். அதை அப்படியே ஏற்றிவிட்டு, பிறகு மாவட்டவாரியாக வடிகட்டிப் பார்த்தால் பாதிக் காற்றாலைகளைக் காணோம்.

அப்புறம் எண்கள். இங்கேதான் படித்தவர்களே அதிகம் சறுக்குகிறார்கள். அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். எக்செல்லில் அந்தக் கட்டம் இரண்டு தசம இலக்கத்துக்குச் சுருங்கிச் சேமிக்கப்பட்டால், புள்ளி அரைக் கிலோமீட்டர் வரை நகர்ந்துவிடும். ஐந்து இலக்கம் இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்குச் சொல்லலாம். அதற்காகப் பத்து இலக்கம் வைத்திருப்பதிலும் பயனில்லை. திறந்த வெளியிலேயே செல்போன் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் முன்னே பின்னே காட்டும். தகரக் கூரைக்குக் கீழே நின்று எடுத்தால் கேட்கவே வேண்டாம், உங்கள் கம்ப்ரஸர் பக்கத்து மில்லுக்குக் குடிபோய்விடும். வெளியே வந்து எடுங்கள், பிறகு செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து, புள்ளியைக் கையால் இழுத்துச் சரியான கூரையின் மேல் வையுங்கள்.

அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறுவது பழைய கதை. கூகுள் மேப்பில் அட்சரேகை முதலில் வரும், வரைபடத் தகவலைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகை முதலில் வரும். ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றில் கவனிக்காமல் ஒட்டினால், கோவையில் (11.01, 76.95) இருக்கும் லேத் மெஷின் ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே ஆர்க்டிக் கடலில் மிதக்கும். இதிலாவது தப்பு பளிச்சென்று தெரிந்துவிடுகிறது.

கொங்கு நாட்டுக்கென்றே ஒரு பொறி இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. சர்வேயர்கள் தரும் டிராயிங்கில் டிகிரி இருக்காது, இடத்தை மீட்டர் கணக்கில் சொல்லும் யுடிஎம் என்ற முறையின் எண்கள் இருக்கும். அந்த முறையில் உலகத்தை ஆறு ஆறு டிகிரியாக 60 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். 43ஆவது மண்டலமும் 44ஆவதும் சந்திக்கும் 78 டிகிரி தீர்க்கரேகை நம் ஊர்களுக்கு நடுவிலேயே போகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு எல்லாம் 43. கரூர், நாமக்கல், சேலம் 44. ஒரே நாமக்கல் மாவட்டத்தில் திருச்செங்கோடு 43இல், நாமக்கல் ஊர் 44இல். கோவையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் 43 என்று ஏற்றினால், கரூர் யூனிட்டின் டெக்ஸ்டைல் மெஷின்கள் லட்சத்தீவின் அகத்தித் தீவுக்குப் பக்கத்துக் கடலில் போய் விழும். டிராயிங் வாங்கும்போதே மண்டல எண்ணைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அதைவிட, ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 முறையில் டிகிரியாகவே கொடுக்கச் சொல்லிவிட்டால் தலைவலி இல்லை.

எல்லாவற்றையும் புள்ளியாகவே வைக்கவேண்டும் என்று நினைப்பதும் தவறுதான். நூற்பாலையில் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக நிற்கும் ரிங் ஃப்ரேம் என்ற நூற்பு மெஷின்களை ஜிபிஎஸ்ஸால் பிரித்துக் காட்ட முடியாது. மூன்று மாடித் தையல் யூனிட்டில் மூன்று மாடிக்கும் ஒரே எண்தான் வரும். கேட் வரைக்கும் வரைபடம், உள்ளே போனால் தளத்தின் பிளான் என்று பிரித்துவிடுங்கள். யூனிட், கட்டடம், மாடி, லைன் என்று இடத்தைப் படிப்படியாகப் பதிந்தால் போதும்.

குழாயும் கேபிளும் வேறு விஷயம், அவற்றுக்குக் கோடு வேண்டும். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத அமைப்பு இருந்தால்தான் ஓட்ட முடியும் என்ற நிலை வந்தது. பட்டறையிலிருந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் குழாய் எங்கே போகிறது என்பது அங்கே விளையாட்டுக் காரியம் இல்லை. ஆனால் வரைபடத்தில் இரண்டு முனையையும் வைத்துவிட்டு நடுவில் ஸ்கேல் வைத்தது போல் ஒரு கோடு போட்டிருப்பார்கள். நிஜத்தில் குழாய் ஒரு பழைய கிணற்றைச் சுற்றிக்கொண்டு போயிருக்கும், அது வேலை செய்த பெரியவருக்கு மட்டும்தான் தெரியும். பொக்லைன் அதைக் கிழிக்கும்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும். பள்ளம் மூடுவதற்கு முன்பே நடந்து போய்ப் பதிவு செய்யுங்கள். மூடிய பிறகு எடுப்பது எல்லாம் ஊகம்.

நகரும் சொத்துகளுக்கு வருவோம். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டிக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள், வண்டி சொந்த ஊரைப் பார்த்து மாதக்கணக்கில் ஆகியிருக்கும். அதற்குப் பதிவு முகவரியில் ஒரு புள்ளி வைத்து என்ன பிரயோசனம்? பதிவு இடம் ஒன்று, இப்போது நிற்கும் இடம் ஒன்று என இரண்டு கட்டம் வேண்டும். டிராக்கர் மாட்டியிருந்தாலும் கடைசியாகத் தகவல் வந்த நேரத்தைப் புள்ளியோடு சேர்த்துக் காட்டச் சொல்லுங்கள். மூன்று நாளாகச் சத்தமே இல்லாத வண்டியும் திரையில் பச்சையாகவே நிற்கும். அந்தப் பச்சையை நம்பி டீசல் கணக்குப் போட்டவர்கள் உண்டு.

டிராக்கர் இல்லாத சாமான்கள்தான் இன்னும் மோசம். ஜாப் ஒர்க்குக்குக் கொடுத்த மெஷின், வேறு யூனிட்டுக்கு அனுப்பிய மோட்டார், அந்த ஜெனரேட்டர். இவையெல்லாம் கேட்டைத் தாண்டும்போது டெலிவரி சலான் எழுதாமல் போவதில்லை. சலான் போடும் இடத்திலேயே வரைபடத்திலும் இடம் மாறும்படி இணைக்கவேண்டும். "மெயின்டெனன்ஸ்காரர் அப்புறம் அப்டேட் பண்ணுவார்" என்று விட்டால், அந்த அப்புறம் வரவே வராது. இது நிர்வாகச் சௌகரியத்துக்காக மட்டும் இல்லை. ஆடிட்டர் அறிக்கையில் என்னென்ன சொல்லவேண்டும் என்று மத்திய அரசு போட்ட காரோ 2020 உத்தரவு பொருந்தும் கம்பெனிகளில், நிலையான சொத்துகளின் எண்ணிக்கையோடு அவை இருக்கும் இடமும் பதிவேட்டில் முறையாக இருக்கிறதா என்று ஆடிட்டர் அறிக்கை தரவேண்டும். சிறிய தனியார் நிறுவனங்கள் சிலவற்றுக்கு இதில் விலக்கு உண்டு.

"பக்கத்தில் இருக்கும் டெக்னீஷியனை அனுப்பு" என்ற பட்டனையும் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தவேண்டாம். நிறைய மென்பொருள்கள் நேர்கோட்டுத் தூரத்தைத்தான் கணக்கிடுகின்றன. பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை நேர்கோட்டில் 37 கிலோமீட்டர்தான். சாலையில் 64, அதில் 40 கொண்டை ஊசி வளைவுகள். எஸ்டேட்டில் பாய்லர் நின்றுபோனால் அந்த வித்தியாசம் தெரியும். மேலே சிக்னலும் எல்லா இடத்திலும் கிடைக்காது, கிளம்பும் முன் வரைபடத்தைப் போனில் இறக்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள்: சிவப்பு பச்சை நிறத்தை மட்டும் நம்பாமல் வடிவத்தையும் மாற்றுங்கள், அந்த இரண்டையும் பிரித்தறிய முடியாதவர்கள் உங்கள் ஃபிட்டர்களிலும் இருக்கலாம். ஒப்பந்தக்காரருக்கு அவர் வேலை பார்க்கும் இடம் மட்டும் தெரிந்தால் போதும், ஆள் இல்லாத காட்டில் தாமிரக் கேபிள் எங்கே ஓடுகிறது என்று ஏன் காட்டவேண்டும்?

இதெல்லாம் செய்தாலும் மாதம் ஒரு முறை சோதித்துப் பாருங்கள். வரைபடத்தில் பத்துப் புள்ளியை எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்ப்பது ஒன்று. பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஷெட்டில் கண்ணில் படும் பத்து மெஷினை எடுத்து வரைபடத்தில் தேடுவது இன்னொன்று. அந்தத் திருப்பூர் கம்பெனியில் இரண்டாவதைச் செய்தபோது, ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. வரைபடத்தில் இல்லை, ரெஜிஸ்டரில் இல்லை, டேக்கும் இல்லை. ஃபிட்டர் மட்டும் அதற்கு ஒழுங்காக ஆயில் மாற்றிக்கொண்டு இருந்தார்.