லிப்ரே ஆபிஸ் திறந்ததுமே மூடிக்கொள்கிறதா? அழித்து நிறுவும் முன் இதைச் செய்யுங்கள்

புதிய பதிப்புக்கு மாறியதும் லிப்ரே ஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருள் திறக்காமல் மூடிக்கொண்டால், உங்கள் அமைப்புகள் சேரும் அதன் 'யூசர்' ஃபோல்டரின் பெயரை மட்டும் 'யூசர்-பழையது' என்று மாற்றிவிட்டு மீண்டும் திறங்கள். விண்டோஸில் விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, %ஆப்டேட்டா% என்பதை ஆங்கிலத்தில் தட்டுங்கள். அங்கே லிப்ரே ஆபிஸ் ஃபோல்டருக்குள் '4' என்று ஒன்று இருக்கும், அதனுள் யூசர். பெயர் மாற மறுத்தால், டாஸ்க் மேனேஜரில் எஸ்ஆபிஸ் (soffice, லிப்ரே ஆபிஸின் இயங்கு நிரல்) இன்னும் ஓடுகிறது என்று அர்த்தம். அதை முதலில் நிறுத்துங்கள்.

அந்த '4'-தான் விஷயமே. 5, 6, 7 என்று பதிப்பு எது வந்தாலும் அமைப்புகள் இந்த ஒரே ஃபோல்டரில்தான் சேர்கின்றன. மென்பொருளை நீக்கினாலும் அது அப்படியே கிடக்கும். ஆகவே மறுபடி நிறுவியும் பலர் அதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். பழைய எக்ஸ்டென்ஷனோ (கூடுதலாகச் சேர்த்த துணை நிரல்) கெட்டுப்போன அமைப்போ புதிய பதிப்போடு முட்டும்போது, வெற்று ஃபோல்டர் அதைத் தாண்டவைக்கிறது.

நீங்கள் சேர்த்த சொற்கள், டெம்ப்ளேட், மேக்ரோ எல்லாம் பழைய ஃபோல்டரில் பத்திரம். 'வேர்ட்புக்', 'டெம்ப்ளேட்', 'பேசிக்' ஆகியவற்றை மட்டும் புதிதாக உருவான யூசர் ஃபோல்டருக்கு நகலெடுங்கள். அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரிமாடிஃபிகேஷன்ஸ் கோப்பைத் தொடாதீர்கள், கோளாறு பெரும்பாலும் அதோடுதான் திரும்பி வரும்.

ஸ்டார்ட் மெனுவில் உள்ள 'சேஃப் மோடு' வழியாகவும் திறக்கவில்லையென்றால் இது பலிக்காது. அது தற்காலிக ஃபோல்டரில்தான் ஓடுகிறது; அங்கும் விழுந்தால் பழுது நிறுவலிலோ கணினியிலோ இருக்கிறது.