உரைக் கோப்பின் வரிகளுக்கு எண் இடுதல்: என்எல் கட்டளை

ஜனவரிப் புத்தகக் காட்சிக்கு முந்தைய வாரங்களில், திருவல்லிக்கேணியில் தட்டச்சு செய்பவரும் அம்பத்தூரில் மெய்ப்புப் பார்ப்பவரும் ஒரே கோப்பைப் பற்றித் தொலைபேசியில் பேசிக்கொள்ள நேர்கிறது. "மூன்றாம் பத்தியில், நடுவில் ஓரிடத்தில் ஒற்று மிகவில்லை சார்" என்று சொன்னால் அந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே நேரம் போய்விடும். "47ஆம் அடி" என்றால் வேலை முடிந்தது. வேர்டிலும் வரி எண் போடலாம். ஆனால் அந்த எண் பக்கத்தின் அகலத்தையும் எழுத்துருவையும் பொறுத்தது என்பதால், இங்கே 47ஆக இருப்பது அங்கே 52ஆக இருக்கக்கூடும். எளிய உரைக் கோப்பிலேயே எண்ணை எழுதிவிட்டால் அந்தச் சிக்கல் இல்லை.

லினக்ஸிலும் மேக்கிலும் இதற்கென்றே என்எல் என்ற கட்டளை இருக்கிறது. விண்டோஸில் லினக்ஸ் துணையமைப்பை நிறுவிக்கொண்டால் அங்கும் கிடைக்கும். கட்டளைகளின் ஒலிப்பை இங்கே தமிழில் தருகிறேன்; கட்டளைகளைத் தட்டும் சாளரமான டெர்மினலில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். கோப்பின் பெயர் மட்டும் தமிழிலேயே இருக்கலாம். முல்லைப்பாட்டைத் தட்டச்சு செய்த கோப்புக்கு முல்லை என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

என்எல் முல்லை

என்று தட்டினால், ஆறு இட அகலத்தில் வலப்பக்கம் ஒதுங்கிய எண், அதன்பின் ஒரு டேப், அதன்பின் வரி என்று திரையில் வரும். மூலக் கோப்பில் எதுவும் மாறாது. வெளியீட்டைப் புதிய கோப்பில் சேமிக்க, இறுதியில் > குறியையும் புதிய பெயரையும் சேர்க்க வேண்டும்:

என்எல் முல்லை > முல்லை-எண்

இரண்டு பக்கமும் ஒரே பெயரைக் கொடுக்கவே கூடாது. கட்டளை வேலையைத் தொடங்குவதற்கு முன்பே > குறி அந்தக் கோப்பை வெறுமையாக்கிவிடும். பிறகு எண் இடுவதற்கு அதில் ஒரு வரியும் இருக்காது.

எந்த வரி எண்ணுக்கு உரியது என்பதை முதலில் முடிவு செய்வதில்தான் இந்த வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது. முல்லைப்பாட்டு 103 அடிகள் கொண்டது. எனவே எண் இட்ட கோப்பின் கடைசி அடியில் 103 வர வேண்டும். வேறு எண் வந்தால் பாடலில் அடி விடுபட்டிருக்கிறது, அல்லது எண்ணக் கூடாத எதையோ கட்டளை எண்ணியிருக்கிறது. அடிக்கணக்கு தெரிந்த பாடலில் இதைவிட நல்ல சோதனை எதுவும் இல்லை.

கோப்பின் முதல் வரியில் பாடலின் தலைப்பு இருந்தால் அதற்கு 1 என்ற எண் போய்விடும். கடைசி அடி 104 ஆகும். தொடக்க எண்ணை மாற்றும் -வி தெரிவைக் கொண்டு இதைச் சரிசெய்யலாம்: என்எல் -வி 0 முல்லை என்றால் தலைப்புக்கு 0, "நனந்தலை உலகம்" என்று தொடங்கும் முதலடிக்கு 1.

வெற்று வரிகளை என்எல் தானாகவே எண்ணாமல் விட்டுவிடும். செய்யுளுக்கு அதுவே பொருத்தம். அவற்றையும் எண்ண வேண்டுமானால் உடற்பகுதியைக் குறிக்கும் பாடி என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தை வைத்து -பி ஏ என்று கேட்க வேண்டும், அல்லது கேட் -என் (சி, ஏ, டி என்று தட்ட வேண்டும்) என்ற கட்டளையைப் பயன்படுத்தலாம். ஆனால் கண்ணுக்கு வெறுமையாகத் தெரியும் வரி கணினிக்கும் வெறுமையாக இருக்க வேண்டும் என்பதில்லை. தட்டச்சு செய்தவர் அங்கே ஸ்பேஸ் பட்டையை ஒருமுறை தட்டியிருந்தால், அது எழுத்துள்ள வரியாகவே கொள்ளப்படும். விண்டோஸில் சேமித்த கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருப்பதால், வெற்று வரிகள் அனைத்துக்கும் எண் விழுந்துவிடும். 103 வர வேண்டிய இடத்தில் 120 வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இவ்விரண்டையும்தான். லினக்ஸில் இரண்டையும் செட் (எஸ், இ, டி என்று தட்ட வேண்டும்) என்ற ஒரே கட்டளை துடைத்துவிடும்:

செட் 'எஸ்/[[:ஸ்பேஸ்:]]*$//' முல்லை > முல்லை-தூய

பத்துப்பாட்டு முழுவதும் ஒரே கோப்பில் இருந்தால், ஒவ்வொரு பாடலுக்கும் எண் 1இலிருந்து தொடங்க வேண்டும், தலைப்புகளுக்கு எண் விழக் கூடாது. பலர் அறியாத வசதி ஒன்று என்எல் கட்டளைக்குள் இதற்காகவே இருக்கிறது. தலைப்புக்கு மேலே \:\:\: என்று மட்டும் ஒரு வரியும், தலைப்புக்குக் கீழே \:\: என்று மட்டும் ஒரு வரியும் சேர்க்க வேண்டும்.

\:\:\:
முல்லைப்பாட்டு
\:\:

முதல் குறி புதிய பக்கத்தின் தலைப்பகுதி தொடங்குவதைச் சொல்கிறது. அங்கே எண்ணிக்கை மீண்டும் தொடக்கத்துக்குத் திரும்பும், தலைப்பகுதியின் வரிகளுக்கு எண் இடப்படாது. இரண்டாம் குறி உடற்பகுதியின் தொடக்கம். வெளியீட்டில் இந்தக் குறிகள் இருந்த இடத்தில் வெற்று வரிகளே இருக்கும்.

எண்ணின் தோற்றத்தை மாற்றவும் தெரிவுகள் உண்டு. -டபிள்யூ 3 அகலத்தை மூன்று இடமாகக் குறைக்கும். அதனுடன் -என் ஆர்இசட் சேர்த்தால் 001, 002 என்று வரும். பதிப்புகளில் உள்ளதுபோல் ஐந்தடிக்கு ஒருமுறை மட்டும் எண் வேண்டுமென்றால் ஆக் என்னும் கருவியை நாட வேண்டும். மெய்ப்புக்கு எல்லா அடியிலும் எண் இருப்பதுதான் வசதி என்பது என் எண்ணம். எண்ணுக்கும் வரிக்கும் இடையில் டேப்புக்குப் பதிலாக வேறு குறி வைக்க -எஸ் உதவும். ஆனால் டேப்பை மாற்றாமல் விடுவதே நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

உரைநடையில் ஒரு பத்தி முழுவதும் கணினிக்கு ஒரே வரிதான். என்டர் தட்டிய இடத்தில்தான் வரி முடிகிறது. ஆகவே முதலில் பத்தியைச் சிறு வரிகளாக மடித்து, அந்த வரிகளை | குறி வழியாக என்எல் கட்டளைக்கு அனுப்ப வேண்டும்:

ஃபோல்ட் -எஸ் -டபிள்யூ 180 கட்டுரை | என்எல் -பி ஏ > கட்டுரை-எண்

180 என்பது மிகையாகத் தோன்றலாம். பல லினக்ஸ் கணினிகளில் ஃபோல்ட் எழுத்தை எண்ணாமல், கணினிச் சேமிப்பின் அலகான பைட்டை எண்ணுகிறது. எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் பிடிப்பதால், கிடைப்பது ஏறத்தாழ அறுபது குறிகள் கொண்ட வரி. -எஸ் தெரிவை விடக் கூடாது. அது சொற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியில் மடிக்கும், சொல்லின் நடுவே வெட்டாது.

மெய்ப்பு முடிந்து திருத்தங்களையும் எண் இட்ட பிரதியிலேயே செய்திருந்தால், டேப் வரையிலான பகுதியை இப்படி வெட்டி எறியலாம்:

கட் -எஃப் 2- முல்லை-எண் > முல்லை-திருத்தியது

லினக்ஸில், எண் விழாத வெற்று வரிகளில் டேப் இருக்காது; என்எல் அங்கே இட்ட ஏழு இடைவெளிகள் அப்படியே தங்கிவிடும். பக்க வடிவமைப்பாளருக்குக் கோப்பை அனுப்புமுன், மேலே சொன்ன செட் கட்டளையை அதன்மீது ஒருமுறை ஓட்டிவிட வேண்டும்.