அம்ஹாரிக்கில் வழி கேட்கலாம், உதவியும் கேட்கலாம்: புதிதாகக் கற்பவர்களுக்கு

அம்ஹாரிக் பேசும் எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவில் தெருப்பெயரையும் கதவு எண்ணையும் சொல்லி விசாரித்தால் பெரிதாகப் பலன் இருக்காது. தேவாலயம், சதுக்கம், பெரிய கட்டடம் என்று அடையாளம் சொல்லித்தான் அங்கே வழி காட்டுவார்கள். எனவே கிளம்பும் முன்பே, போகும் இடத்துக்குப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்தது எது என்று கேட்டு வையுங்கள். மெஸ்கெல் அதெபாபாய் (மெஸ்கெல் சதுக்கம்), அராத் கிலோ, பியாசா இப்படி ஏதாவது ஒன்று.

படி 1: யாரிடம் பேசுகிறீர்கள்?

தமிழர் தடுமாறுவது இங்கேதான். நமக்கு ஆணிடமும் பெண்ணிடமும் ஒரே ‘போ’. அம்ஹாரிக்கில் ஆணிடம் ‘ஹித்’, பெண்ணிடம் ‘ஹிஜி’, பலரிடம் ‘ஹிது’, மரியாதையாக ‘யிஹிது’. ‘தயவுசெய்து’ என்பதும் இதே மாதிரி மாறும்: ஆணுக்கு இபாக்கிஹ், பெண்ணுக்கு இபாக்கிஷ், மரியாதைக்கு இபாக்வோன். ‘தண்ணீர் கொடு’ என்பது ஆணிடம் ‘வுஹா ஸித்தெஞ்’, பெண்ணிடம் ‘வுஹா ஸிச்சிஞ்’. பெண்பாலில் கடைசி மெய் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள்: த் போய் ஜ், த்த் போய் ச்ச். மரியாதை வடிவத்தில் ஆண், பெண் வேறுபாடு கிடையாது: ‘யிஸ்துஞ்’. அறிமுகமில்லாத பெரியவர் என்றால் யோசிக்காமல் இதையே எடுங்கள்.

படி 2: கேளுங்கள்

‘யிக்கிர்த்தா’ (மன்னிக்கணும்) என்று தொடங்கி, இடத்தின் பெயரைச் சொல்லி, ‘யெத் நெவ்?’ (எங்கே இருக்கிறது?) என்று முடியுங்கள். அவ்வளவுதான்.

படி 3: பதிலைப் பிடியுங்கள்

இங்கே நமக்கு ஒரு வசதி. அம்ஹாரிக் செமித்திய மொழிதான் (அரபு, ஹீப்ரு மொழிகளின் குடும்பம்), ஆனாலும் வினை நம் தமிழ் மாதிரி கடைசியில் வரும்; வினையெச்சம் போன்ற வடிவமும் உண்டு. ‘வெதெ கெஞ் தாத்ஃபெஹ் ஹித்’ என்றால் ‘வலப்பக்கம் திரும்பிப் போ’. அதே வரிசை! வெதெ கிரா இடப்பக்கம், கெத்திதா நேராக, ஃபித் லெஃபித் எதிரே, அத்தெகெப் பக்கத்தில். சொன்னது சரியா என்று திருப்பிக் கேட்கும்போது எதிரில் இருப்பவர் சட்டென்று மூச்சை உள்ளிழுத்தால் பதறாதீர்கள். அது ‘ஆமாம்’.

படி 4: மினிபஸ்ஸில் இறங்க

நீல-வெள்ளை மினிபஸ்ஸில் இறங்குமிடம் நெருங்கியதும் ‘வோராஜ் அல்லெ!’ என்று குரல் கொடுங்கள். ‘இறங்க ஆள் இருக்கு’ என்று பொருள். யாரையும் ஏவவில்லை என்பதால் ஆண்பாலா பெண்பாலா என்ற குழப்பமும் இதில் இல்லை.