தத்தெடுத்த ஆண் பூனைக்குக் கருத்தடை எப்போது செய்யலாம்?

ஆண் பூனையைத் தத்தெடுத்தவர்கள் முதல் வாரத்திலேயே கேட்கும் கேள்வி இது. குட்டி என்றால் ஐந்து மாதம் முடிவதற்குள் செய்துவிட வேண்டும். வளர்ந்த பூனை என்றால் வீடு பழகி, உடம்பு சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் செய்யலாம்; பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம் போதும். சிக்கல் என்னவென்றால், வந்திருக்கும் பூனைக்கு என்ன வயது, ஏற்கெனவே கருத்தடை ஆகிவிட்டதா என்பது பல நேரங்களில் கொடுத்தவருக்கே தெரியாது. அதனால் முதலில் அதைப் பார்த்துவிடுவோம்.

படி 1: ஏற்கெனவே ஆகிவிட்டதா?

பூனை நிம்மதியாக இருக்கும்போது வாலை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஆசனவாய்க்குக் கீழே ரோமம் மூடிய விதைப்பை, அதற்கும் கீழே சிறுநீர்த் துவாரம் தெரியும். விதைப்பையைத் தொட்டால் கெட்டியாக இரண்டு உருண்டைகள் தட்டுப்பட்டால் இன்னும் ஆகவில்லை. தெருவிலிருந்து வந்த பூனையின் ஒரு காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விட்டதற்கான அடையாளம் அது.

பை காலியாக இருந்தால் 'ஆகிவிட்டது' என்று உடனே முடிவு கட்டாதீர்கள். சில பூனைகளுக்கு ஒரு விதையோ இரண்டுமோ கீழே இறங்காமல் வயிற்றிலோ தொடை இடுக்கிலோ தங்கிவிடும். வெளியே தெரியாவிட்டாலும் அது ஹார்மோனைச் சுரந்துகொண்டுதான் இருக்கும். மருத்துவர் இதைக் கண்டுபிடிக்கும் வழி சுவாரசியமானது. முழு வளர்ச்சி அடைந்த கடுவன் பூனையின் ஆண்குறியில் பொடி முட்கள் இருக்கும். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் இருக்கும்வரைதான் அவையும் இருக்கும். கருத்தடை ஆன சில வாரங்களில் மறைந்துவிடும். ஆக, பை காலி, ஆனால் முள் இருக்கிறது என்றால் விதை எங்கோ உள்ளே ஒளிந்திருக்கிறது என்று பொருள். அதையும் தேடி எடுக்கத்தான் வேண்டும். விட்டுவைத்தால் பின்னாளில் கட்டியாக மாறும் ஆபத்து உண்டு.

படி 2: வயதைக் கணியுங்கள்

குட்டியின் வயதுக்குப் பல்தான் சாட்சி. முன்பற்கள் விழுந்து முளைப்பது ஏறக்குறைய நான்காம் மாதத்தில். கோரைப்பற்கள் மாறுவது ஐந்தாம் மாதத்தையொட்டி. உதட்டை லேசாகத் தூக்கினால், பழைய ஊசிப் பல்லும் புதிய தடித்த கோரைப்பல்லும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதை அந்தச் சமயத்தில் பார்க்கலாம். அப்படித் தெரிந்தால் தாமதிக்காமல் நாள் குறித்துவிடுங்கள்.

ஏன் ஐந்து மாதக் கெடு? பல ஆண் குட்டிகள் ஆறாம் மாதத்தையொட்டிப் பருவத்துக்கு வந்துவிடும். சில அதற்கு முன்பே. அதன் பிறகு சுவரில் சிறுநீரைப் பீய்ச்சி அடிப்பது, இரவெல்லாம் கத்துவது, வெளியே ஓடிச் சண்டை போடுவது என்று வரிசையாக வரும். சண்டைக் கடி வழியாகப் பூனை எய்ட்ஸ் எனப்படும் எஃப்.ஐ.வி. பரவும். சிறுநீர் பீய்ச்சுவது ஒருமுறை பழக்கமாகிவிட்டால், கருத்தடைக்குப் பிறகும் சில பூனைகள் விடாது. பத்தில் ஒன்பது பூனைகள் மாறும்; அந்தப் பத்தாவது பூனை உங்களுடையதாக இருக்க வேண்டாமே.

'சின்ன வயதில் செய்தால் சிறுநீர்க் குழாய் குறுகிவிடும்' என்று இன்னமும் சிலர் பயமுறுத்துவார்கள். அளந்து பார்த்த ஆய்வுகளில் அப்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. காப்பகங்களில் எட்டு வாரமும் ஒரு கிலோ எடையும் தாண்டிய ஆரோக்கியமான குட்டிகளுக்கே செய்கிறார்கள். 'ஒருமுறையாவது இணைசேரட்டும்' என்பதெல்லாம் நம் மனசுக்காகச் சொல்வது, பூனைக்காக அல்ல.

படி 3: வளர்ந்த பூனையைப் பழக விடுங்கள்

இடம் மாறிய அதிர்ச்சியில் பூனைகளுக்கு உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும் சளி வைரஸ் கிளம்புவது சகஜம். வந்து ஒரு வாரம் கழித்துத் தும்மலும் கண்ணில் நீரும் தொடங்கும். அந்த நேரத்தில் மயக்க மருந்து கொடுப்பது நல்லதல்ல. ஒழுங்காகச் சாப்பிடுகிறதா, மலமும் சிறுநீரும் சரியாகப் போகிறதா, கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வருகிறதா என்று பாருங்கள். மூன்றும் சரி என்றால் நாள் குறிக்கலாம்.

வீட்டில் கருத்தடை ஆகாத பெண் பூனை இருந்தால் மட்டும் இந்த நிதானம் கூடாது. அன்றைக்கே இரண்டையும் தனித்தனி அறையில் வைத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். கூடப்பிறந்தது, தாய் என்ற முறையெல்லாம் பூனைக்குக் கிடையாது.

படி 4: முன்பரிசோதனை

எடை, இதயத் துடிப்பு, தேவைப்பட்டால் ரத்தப் பரிசோதனை. எஃப்.ஐ.வி., ரத்தப் புற்று வைரஸ் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள். தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பைப் பொருத்துவதாக இருந்தால் மயக்கத்தில் இருக்கும்போதே வேலை முடிந்துவிடும்.

படி 5: அன்றைய நாள்

வளர்ந்த பூனைக்கு முந்தைய இரவோடு சாப்பாட்டை நிறுத்தச் சொல்வார்கள். குட்டிக்கு அப்படிச் செய்யாதீர்கள்: நெடுநேரம் பட்டினி கிடந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். குட்டிக்குச் சில மணி நேரம்தான். எத்தனை என்று மருத்துவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சை சில நிமிட வேலை. விதைப்பையில் சிறு கீறல், பெரும்பாலும் தையல்கூட இருக்காது. அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிடலாம்.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரவு தள்ளாடும். உயரமான இடங்களில் ஏறவிடாமல், அமைதியான ஒரு அறையில் வையுங்கள். மலம் கழிக்கும் தட்டில் உள்ள பொடி மணல் காயத்தில் ஒட்டும் என்பதால் சில நாட்களுக்கு அதில் கிழித்த செய்தித்தாள் போடுங்கள். காயத்தை நக்கவிடாமல் கழுத்தில் கூம்புப் பட்டை, ஏழு முதல் பத்து நாள்வரை குளியல் கூடாது. பை கொஞ்சம் வீங்கி, எதையுமே எடுக்காதது போலத் தெரியும், தானாகச் சுருங்கிவிடும். ரத்தம் சொட்டினாலோ, வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, மறுநாளும் சாப்பிடாவிட்டாலோ உடனே மருத்துவரிடம் போங்கள். தட்டில் உட்கார்ந்து முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் எந்த நாளானாலும் அவசரம்தான்.

வலிக்குமே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள். பூனையின் உயிர் போக ஒரு மாத்திரையே போதும்.

இன்னொன்று: விதையை எடுத்தாலும் விந்துக் குழாயில் மிச்சமிருக்கும் விந்தணுக்களால் சில வாரங்கள் கருத்தரிக்க வைக்க முடியும். பெண் பூனையிடமிருந்து ஆறு வாரம் தள்ளியே வைத்திருங்கள். குணமும் அன்றிரவே மாறாது, அதற்கும் சில வாரங்கள் பிடிக்கலாம்.

அப்புறம் சாப்பாடு. கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், ஆனால் உடம்புக்குத் தேவையான ஆற்றல் ஏறக்குறைய கால் பங்கு குறையும். வளர்ந்த பூனைக்கு அளந்து வையுங்கள். வளரும் குட்டிக்குக் குட்டி உணவையே அளவோடு தொடருங்கள். மாதம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் கருவியில் நின்று, உங்கள் எடையைக் கழித்துக் குறித்துவைத்தால், அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.